மாக்கிறேற் பிடித்த சுதி

மாக்கிறேற் கூறத் தொடங்கினால் கரையில் வேறொருவரும் வாய் திறக்க முடியாது. விடியற்புறம் மீன்பிடிப் போட்டுகள் வந்து சேர்ந்ததும் மீனவர் சங்கக் கொட்டிலுக்கு முன்னால் மீனைக் கொட்டிவிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வியாபாரிகள் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்களோடு சுற்றி நிற்க, நடுவில் இவள் நின்று விலை கூறுவாள். ஏலம் போடுவதைத்தான் தீவுப் பக்கத்தில் கூறுவது என்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, குரல் என்றால் அது குரல். அடிவயிற்றிலிருந்து கிளம்பும் கனத்த குரல். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தள்ளி நிற்பவனுடைய காதிலும் போய் விழும். முன்பு கூறிக்கொண்டிருந்த மனிதர் பாரிசவாதத்தில் விழுந்தபோது, ஆள் கிடைக்கும்வரை நீர் நில்லும் என்று சங்கத்தார் இவளைப் பிடித்து விட்டார்கள். அதற்குப் பிறகு வேறு ஆளைத் தேடவேண்டும் என்ற நினைப்பே அவர்களுக்கு வரவில்லை.

அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் போனால் ஒரு சத்தமும் இராது. பூசையில் எல்லாரும் பாடும்போது அவளுடைய வாயும் அசையும். அந்த வாயிலிருந்து காற்றுக்கூட வெளியே வரவில்லை என்பது பக்கத்தில் நிற்பவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இது சின்ன வயதில் பழகியது. முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கிய சிஸ்டர் ஒருவர், வரிசையில் ஒவ்வொரு பிள்ளையின் வாய்க்குக் கிட்டவும் காதைக் கொடுத்துக்கொண்டே வந்து மாக்கிறேற்றுக்கு முன்னால் நின்றார். "பிள்ளை, நீர் வாயை மட்டும் அசையும். சத்தம் வேண்டாம். உம்மட குரல் பெடியன்ர குரல் மாதிரி இருக்கு" என்றார். கோபமாய்ச் சொல்லவில்லை. தலையைத் தடவித்தான் சொன்னார். அந்தத் தடவல்தான் பொல்லாதது. அடித்துச் சொல்லியிருந்தால் பிள்ளை ரோஷத்துக்காவது பாடியிருக்கும். தடவிச் சொன்னதால் அது உண்மை என்று நம்பிவிட்டாள்.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து சனம் தீவை விட்டு இடம்பெயர்ந்தபோது அவளும் தாய் தகப்பனோடு கடல் கடந்து போனாள். எங்கெங்கோ இருந்தார்கள். எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும் வாயை மட்டும் அசைத்தாள். வளர்ந்து யாக்கோப்பைக் கலியாணம் செய்து, ஊருக்குத் திரும்பிவந்து, பற்றை வெட்டி வீடு கட்டி, பெற்ற மகளை வவுனியாவில் கட்டிக்கொடுத்து, தலையில் நரையும் விழுந்துவிட்டது. பாட்டு ஆசை மட்டும் போகவில்லை. கருவாட்டுக்கு உப்புப் போடும்போது, குசினியில் தேங்காய் துருவும்போது, ஆளில்லாத இடம் பார்த்துப் பாடுவாள். கோயில் பாட்டு முழுவதும் அவளுக்குப் பாடம்.

அந்த ஆசை ஒருநாள் அவளைக் கவிழ்த்தது. மூன்று வருடத்துக்கு முன் திருவிழா அன்று பின்னேரம், பாடவேண்டிய பிள்ளைக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாடகர் குழாமை நடத்துகிற ஜெயந்தா ரீச்சர், "ஆருக்கும் இந்தப் பாட்டுத் தெரியுமோ?" என்று சுற்றிப் பார்த்தார். மாக்கிறேற்றின் கை தானாக உயர்ந்தது. அவளே எதிர்பார்க்கவில்லை. கீபோட் வாசிக்கிற டிலோன் வழக்கமான சுதியைப் பிடித்தான். அவன் யாக்கோப்பின் தமக்கை மகன். கலியாணம் முடித்து ஒரு பிள்ளைக்குத் தகப்பன். முதல் அடி போனது. இரண்டாவது அடி இழுபட்டது. மூன்றாவது அடியில் மேலே ஏறப்போன குரல் உடைந்து, ஒரு கீச்சுச் சத்தம் ஸ்பீக்கர் முழுக்க ஓடியது. பின் வரிசை வாங்கில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொத்தினால் சிரிப்பு தெரியாதென்று நினைப்பு.

ஊரோடு போயிருந்தால் பரவாயில்லை. திருவிழாவை டிலோன் போனில் நேரடியாக விடுவான். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற ஊர்ச்சனம் எல்லாம் பார்க்கும். "உந்த மனிசியின்ர கையில ஆர் மைக்கைக் குடுத்தது?" என்று யாரோ எழுத, அதற்குக் கீழே சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசை கட்டின. அடுத்த நாள் பாரிசிலிருந்து தங்கை நிமலினி போன் எடுத்தாள்.

"அக்கா, இனிப் பாடாதேங்கோ. இஞ்ச வேலை இடத்தில எல்லாம் காட்டிச் சிரிக்கினம். எனக்கு முகம் நிமித்த ஏலாமல் கிடக்கு."

"சரி, இனிப் பாடமாட்டன்" என்றாள் மாக்கிறேற். வேறென்ன சொல்வது? அன்றிலிருந்து மறுபடியும் வெறும் வாயசைப்புத்தான். கரையில் ஒரு இளந்தாரி கீச்சுக் காட்டியபோது, அவனுடைய நண்டைக் கடைசியாகக் கூறி ஆளை வெயிலில் காயவிட்டாள். அது வேறு கணக்கு. உள்ளே பட்டது ஆறவில்லை.

இந்த வருடத் தவக்காலத்தில்தான் அந்தப் புண்ணில் கை வைக்கவேண்டி வந்தது. பெரிய வெள்ளி பின்னேரம் சிலுவையிலிருந்து ஆண்டவரின் சுரூபத்தை இறக்கி, ஆசந்தியில் கிடத்துவார்கள். பூச்சோடித்த பாடைதான் ஆசந்தி. இறக்கிய சுரூபம் மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் வரும்போது ஒரு பெண் தனியே நின்று தாயின் புலம்பலைப் பாடவேண்டும். புலம்பல் நாலடிப் பாட்டுகளாய் வரும்; ஒவ்வொரு பாட்டுக்கும் கடைசி அடியைச் சனம் திருப்பிப் பாடும். நெடுங்காலமாகப் பாடிவந்த மனிசி மகளோடு இருக்கக் கனடாவுக்குப் போய்விட்டார். அந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் மாக்கிறேற். வேறு எந்தப் பாட்டை விட்டாலும் அதை விட அவளால் ஏலாது. ஒருமுறை, சீவியத்தில் ஒரே ஒருமுறை, அதைப் பாடவேண்டும். பாடி அதிலும் குரல் உடைந்தால் இனி வாயைக்கூட அசைப்பதில்லை என்று தனக்குள் முடிவு கட்டிக்கொண்டு ஜெயந்தா ரீச்சர் வீட்டுக்குப் போனாள்.

ரீச்சர் கெட்டவர் அல்ல. கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்துத்தான் கதைத்தார். "மாக்கிறேற், நான் உமக்கு ஒளிக்காமல் சொல்லுறன். உமக்கு மேல் சுதி ஏலாது. புலம்பல் எண்டால் மேலதான் நிக்கும். தாயின்ர குரல் அல்லோ?"

"ஒருக்காப் பழகிப் பாக்கிறன் ரீச்சர்."

"பழகும். ஆனால் வாற கிழமை கேட்டுப்போட்டுத்தான் சொல்லுவன்."

பழக்கம் என்றால் அப்படி ஒரு பழக்கம். கற்கண்டும் மிளகும் கடித்தாள். வேர்க்கொம்புச் சுக்கு அவித்துக் குடித்தாள். உப்புத் தண்ணீரால் கொப்பளித்துக் கொப்பளித்து நாக்கே மரத்துப்போயிற்று. கருவாடு காயும் பந்தலுக்குப் பின்னால் நின்று, கழுத்தை நீட்டிக்கொண்டு மேலே மேலே இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது அடி வந்ததும் குரல் பட்டென்று அறுந்தது.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த யாக்கோப்பு நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான்: "இஞ்சரும், உமக்கேன் உந்தக் கரைச்சல்? ஒருக்காப் பட்டது காணாதே?"

"காணாது" என்றாள் அவள்.

யாக்கோப்பு வலையின் அடுத்த கிழிசலைப் பிடித்தான். அவனுக்கும் பாட்டுக்கும் வெகுதூரம். இந்த ஊர் ஆம்பிளைகளே அப்படித்தான். கோயிலுக்கு வருவார்கள்; ஆனால் பக்கக் கதவுக்கு வெளியே பூவரசுக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பாட்டு ஒன்றும் பாடமாட்டார்கள். மாறி மாறி வந்த சுவாமிமார் எத்தனையோ பிரசங்கம் வைத்துப் பார்த்தும் ஒருவனுடைய வாயும் திறக்கவில்லை. பக்தி இல்லாத கூட்டம் என்று சொல்லிவிட்டு அதோடு விட்டுவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை காலமை நல்ல மீன் பட்டிருந்தது. காற்றும் பலமாக இருந்தது. பாரை மீனையும் விளைமீனையும் கூறி முடிக்க மாக்கிறேற்றுக்கு வெகுநேரம் எடுத்தது. வியாபாரிகள் போனபின் மிச்ச மீனைக் கழுவிக்கொண்டிருந்தபோது, கூறிய சூடு தொண்டையில் அப்படியே இருக்க, தன்பாட்டில் புலம்பலை எடுத்துவிட்டாள். முதல் அடி, இரண்டாவது அடி, மூன்றாவது அடி. மூன்றாவது அடி முடிந்து நாலாவதில் நிற்கும்போதுதான் திடுக்கிட்டாள். குரல் உடையவில்லை. உடையவில்லை என்ன, இன்னும் மேலே ஏற இடம் இருந்தது.

மீனைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் டிலோன் வீட்டுக்கு நடந்தாள்.

"தம்பி, இதைப் பிடிச்சுப் பார்" என்று முதல் அடியைப் பாடினாள். டிலோன் கீபோட்டில் தட்டித் தட்டித் தேடினான். எவ்வளவோ கீழே வந்துதான் விரல் நின்றது.

"மாமி, இது வழக்கமான இடமில்லை. நல்லாக் கீழ."

"கீழ எண்டால் பாட்டில்லையோ?"

டிலோன் கொஞ்சம் யோசித்தான். திருவிழா வீடியோவை அன்றே அழிக்காமல் விட்டது அவனுக்கும் மனதில் குத்திக்கொண்டுதான் இருந்தது. "பாட்டுத்தான். மாமி, ஒண்டு யோசியுங்கோ. பெரிய வியாழன் பூசையோட மணி இல்லை, கீபோட்டும் இல்லை. பெரிய வெள்ளியில மரக்கட்டைதானே தட்டுறது. அண்டைக்குச் சுதி பிடிச்சுத்தர ஆள் இல்லை. நீங்கள் எங்க தொடங்குறியளோ அதுதான் சுதி."

அந்தக் கதை மாக்கிறேற்றின் முதுகெலும்பை நிமிர்த்தியது. இத்தனை காலமும் அடுத்தவளுடைய படியில் நின்று எட்டிப் பார்த்துத்தான் விழுந்திருக்கிறாள்.

சொன்னபடி ஜெயந்தா ரீச்சர் அவளைப் பாடவைத்துக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். முடிந்ததும் தலையை ஆட்டினார். "பிழையில்லை. ஆனால் உது ஆம்பிளையள் பாடுற இடம் மாக்கிறேற். மாதா புலம்புற மாதிரி இல்லை."

மாக்கிறேற்றுக்கு வந்ததே ஒரு கோபம். மரியாதையை விடாமல்தான் சொன்னாள். "ரீச்சர், கடலுக்குப் போன பிள்ளையைப் பிரேதமாய்க் கொண்டுவந்து கரையில வைக்கேக்க நான் நிண்டனான். ஒருக்காவில்லை. அந்தத் தாய்மார் ஒருத்தியும் கீச்சுக் குரலில அழேல்லை. அடிவயித்திலயிருந்து மாடு கதறின மாதிரித்தான் வந்தது. நீங்களும் கேட்டனீங்கள்தானே?"

ரீச்சர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவரும் இந்தக் கரையில் பிறந்தவர்தான். "சரி. முதல் பாட்டை நீர் எடும். சறுக்கினீரெண்டால் நான் எடுத்துப்போடுவன். பெரிய வெள்ளியில சனத்தைச் சிரிக்கவிட ஏலாது" என்றார்.

"சறுக்கினால் எடுங்கோ" என்றாள் மாக்கிறேற்.

பெரிய வெள்ளி காலமை நிமலினி போன் எடுத்தாள். செய்தி கடல் தாண்டுவதற்கு இந்த ஊரில் போட் தேவையில்லை.

"அக்கா, நீங்களோ புலம்பல்? லைவ் போகுமல்லோ. வேண்டாமக்கா, என்ர குணமான அக்காவெல்லோ."

"பாக்க விருப்பமெண்டால் பார். இல்லையெண்டால் அந்த நேரம் போனை நிப்பாட்டி வை." சொல்லும்போது குரல் உறுதியாகத்தான் இருந்தது. போனை வைத்ததும் முதல் அடியை ஒருமுறை மெல்லப் பாடிப் பார்த்தாள்.

பின்னேரம் கோயில் நிறைந்து வழிந்தது. வெள்ளைச் சீலையும் கறுப்புப் பட்டியுமாய்ச் சனம். பூவரசுக்குக் கீழே வழக்கம்போல ஆம்பிளைகள். உள்ளே புழுக்கம், ஃபானைக்கூட நிற்பாட்டிவிட்டார்கள். ஆணி கழற்றும் சத்தம் கேட்டது. நான்கு பேர் வெள்ளைத் துணியில் சுரூபத்தைத் தாங்கி மெல்ல மெல்ல இறக்கினார்கள். மரக்கட்டை தட்டும் ஓசை நின்றது. ஜெயந்தா ரீச்சர் திரும்பி மாக்கிறேற்றைப் பார்த்தார்.

அவள் ஓரடி முன்னே வந்து நின்றாள். பாடகர் குழாமின் பிள்ளைகள் ஒன்றையொன்று பார்ப்பதும், தூணில் சாத்திய டிலோனின் போனும், முன்வாங்கில் இருந்த முகங்களும் எல்லாம் ஒரேயடியாய்க் கண்ணில் பட்டன. காதுக்குள் என்ன கேட்டது தெரியுமா? கனடாவுக்குப் போன அந்த மனிசியின் குரல். இத்தனை வருடமும் அதே இடத்தில் தொடங்கிக் கேட்ட காது அல்லவா, சும்மா விடுமா? மாக்கிறேற் வாயைத் திறந்தாள்.

"மடியில் உன்னைத் தாங்கி நின்றேன்…"

மேலே. பழைய இடத்தில். ஊர்ப் பழக்கம் இழுத்துக்கொண்டு போய் அங்கேயே விட்டுவிட்டது.

நாலு சொல் வெளியே வந்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. இப்படியே போனால் மூன்றாவது அடியில் முறியும். முறிந்தால் திருவிழாக் கூத்துத்தான் மறுபடியும். தொடங்கிய பாட்டை நடுவில் விடுவது மரியாதையில்லை. அதுவும் பெரிய வெள்ளியில், ஆண்டவரைக் கையில் தாங்கிக்கொண்டு நான்கு பேர் நிற்கும்போது. போய் விழுவதா, நிற்பதா?

நின்றாள்.

முன்வாங்கில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், திரும்பவும் போயிற்று என்று நினைத்திருப்பாள். ஜெயந்தா ரீச்சர் பாட்டை எடுக்க மூச்சை இழுத்தார். மாக்கிறேற் அவர் பக்கம் கையை நீட்டி, பொறுங்கோ என்று தடுத்தாள். கூட்டத்துக்கு முன்னால் ரீச்சரைக் கைகாட்டி நிறுத்தியவர் இந்த ஊரில் அதற்குமுன் ஒருவரும் இல்லை. ரீச்சரின் வாய் திறந்தபடியே நின்றது.

மாக்கிறேற் நீட்டிய கையை இறக்கினாள். அவசரப்படவில்லை. சனம் காத்து நிற்கட்டும் என்று நின்றாள். தன் குரல் எங்கே இருக்கிறதென்று வயிற்றுக்குள் தேடிப் பிடித்தாள். பிறகு தொடக்கத்திலிருந்து எடுத்தாள்.

"மடியில் உன்னைத் தாங்கி நின்றேன் மகனே – இன்று
மரத்தடியில் வாங்குகின்றேன் மகனே
கரையெல்லாம் காத்து நின்றேன் மகனே – நான்
கூப்பிட்டால் எழும்பாயோ என் மகனே."

கனத்த குரல், சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. மூன்றாவது அடியில் ஏறியது, நின்றது, உடையாமல் இறங்கியது. அழகான குரல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சுரூபத்தைத் தாங்கி நின்ற நான்கு பேரில் ஒருவர் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். முன்வாங்கில் குனிந்த தலை நிமிர்ந்தது.

இனிச் சனம் கடைசி அடியைத் திருப்பிப் பாடவேண்டும். இங்கேதான் வந்தது சிக்கல். பாடகர் குழாமின் பிள்ளைகள் இவ்வளவு கீழே பாடிப் பழக்கமில்லாதவர்கள். ஒருத்தி மேலே தொடங்கினாள், ஒருத்தி கீழே தொடங்கினாள், இரண்டும் பொருந்தாமல் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். திருப்பிப் பாட ஆளில்லை. பாடியாயிற்று, ஆனால் பதில் வராத புலம்பலை எப்படி இரண்டாவது பாட்டுக்குக் கொண்டுபோவது?

அப்போது வெளியிலிருந்து வந்தது. பூவரசுக்குக் கீழேயிருந்து ஒற்றைக் குரல், கரகரத்து, சுதி சரியாய்ப் பிடித்து:

"கூப்பிட்டால் எழும்பாயோ என் மகனே."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. பக்கத்தில் படுத்தெழும்புகிற மனிதனின் குரலை அடையாளம் காணத் திரும்ப வேண்டுமா என்ன? யாக்கோப்புக்குப் பாட்டு முழுவதும் பாடம் என்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவனுக்குப் பக்கத்தில் நின்றவனும் சேர்ந்தான். பிறகு அவனுக்குப் பக்கத்தில் நின்றவன். இரண்டாவது பாட்டுக்குக் கடைசி அடி வந்தபோது கதவுக்கு வெளியே நின்ற அத்தனை பேரும் பாடினார்கள். இத்தனை வருடமும் அவர்களைப் பக்தியில்லாத கூட்டம் என்று ஊர் ஏசியது. எட்டாத உயரத்தில் தொடங்கினால் மனிசன் எப்படிப் பாடுவான்? கீச்சிட்டுச் சிரிப்பு வாங்குவதைவிடக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மேல் என்று அவர்களும் நின்றிருக்கிறார்கள்.

மூன்றாவது பாட்டில் ஒருவன் வாசற்படியில் ஏறினான். ஏறியவன் பின்னால் மற்றவர்களும். ஆசந்தி நடுக்கோயிலுக்கு வரும்போது பிள்ளைகளும் கீழ்ச் சுதியைப் பிடித்துவிட்டார்கள். ஜெயந்தா ரீச்சரும் பாடினார். கையில் இருந்த கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்துத் துடைத்துப் பாடினார்.

எல்லாம் முடிந்து சனம் கலைந்தபின், ரீச்சர் அவள் கிட்ட வந்து நின்றார். "கையைக் காட்டி நிப்பாட்டினதுக்கு உம்மோட எனக்குக் கோவம்" என்றார். பிறகு, "உயிர்ப்புப் பூசைக்கும் பாட வாரும். ஆனால் அண்டைக்குக் கீபோட் இருக்கும், டிலோனிட்டைச் சொல்லிக் கீழ வைக்கச் சொல்லும்" என்றார்.

வீட்டுப் படலையைத் திறக்கும்போதே போன் அடித்தது. நிமலினி. மூக்கு அடைத்த குரல்.

"அக்கா, பாத்துக்கொண்டுதான் இருந்தனான். நீங்கள் பாட்டை நடுவில நிப்பாட்டேக்க எனக்கு உயிரே போட்டுது. ஏனக்கா நிப்பாட்டினனீங்கள்?"

"பிழையாத் தொடங்கினனான். அதுதான் நிப்பாட்டிப்போட்டுச் சரியாத் தொடங்கினனான்."

"அவ்வளவு சனத்துக்கு முன்னாலயோ?"

மாக்கிறேற் குசினி வாசலில் குந்தினாள். கிணற்றடியில் யாக்கோப்பு கால் கழுவிக்கொண்டே அந்தக் கடைசி அடியைத் தன்பாட்டில் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"சனத்துக்கு என்னடி?" என்றாள் அவள். "அவையும் சேந்துதானே பாடினவை."